இல்லாத லாரிக்காரன்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவன் ஒரு லாரிக்காரன். அப்படி ஒரு லாரிக்காரன் உலகத்தில் கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட இது மேல்.

அவன் ஒரு பாட்டில் வருகிறான். சிவப்பு லாரி ஓட்டுகிறான், அடுத்தவன் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போகிறான். அவனுக்கு முகம் கிடையாது, பெயர் கிடையாது. ஆனால் எங்கள் தலைநகர் சாந்தோ தொமிங்கோவின் ஆற்றங்கரைப் பேட்டைகளில் அந்த வருஷம் அவனைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஜனாதிபதி பெயரில் தடுமாறுகிறவர்கள்கூட லாரியின் நிறத்தில் தடுமாறவில்லை.

நான் முடிவெட்டுகிறவன். என் சலூனுக்கும் கீக்கோவின் மளிகைக்கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் கீக்கோவின் பாட்டுப்பெட்டி, இந்தப் பக்கம் என் நாற்காலி. அங்கே ஒருவன் காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால் இங்கே என் கண்ணாடி அதிரும். ஆள் வராத மத்தியானங்களில் கதை எழுதுவேன். கத்தரிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்தும் வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கெட்டவன் நான்.

இந்தக் கதைக்கு முதலில் வேறு ஆரம்பம் வைத்திருந்தேன்:

"மாலை வெயில் ஆற்றின்மேல் தங்கத்தைக் கொட்டிக்கொண்டிருந்தபோது கசில்தா தன் எண்ணெய்ச் சட்டியை…"

[விட்டுவிட்டேன். எங்கள் ஆற்றின்மேல் கொட்டுவதெல்லாம் குப்பை.]

இன்னொன்று:

"கசில்தா ஒரு நல்ல பெண்."

இதைக் கசில்தாவிடமே படித்துக் காட்டினேன். கீக்கோ கடைத் தாழ்வாரத்தில் மாவைத் தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நல்ல பொண்ணுன்னு ஆரம்பிச்சா யாரு மாஸ்டர் படிப்பாங்க? ஓடிப்போனவன்னு ஆரம்பிங்க. ஊரே படிக்கும்."

அவள் ஓடிப்போகவில்லை. எங்கேயும் போகவில்லை. அதுதான் கதை.

2

பாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இப்போது 'பச்சாத்தா' என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். நான் சொல்லுகிற காலத்தில் அதற்குக் 'கசப்புப் பாட்டு' என்று பெயர். நல்ல வீடுகளில் அதைக் கேட்கமாட்டார்கள். சமையல்காரி கேட்பாள், அதுவும் வீட்டுக்காரி வெளியே போன பிறகு. குடிகாரன் பாட்டு, கூலிக்காரன் பாட்டு என்றார்கள். நானும் மறுக்கமாட்டேன், எங்கள் பேட்டையில் இருந்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டு கிட்டார், ஒரு சின்ன மேளம், தேங்காய்த் துருவியைச் சுரண்டுவதுபோலச் சத்தம் போடும் ஒரு தகரக் குழாய், மனசு அடிபட்ட ஒருத்தன். இவ்வளவுதான் சாமான். ஒரு கிட்டார் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று மேலே ஏறி ஒற்றைத் தந்தியில் அழும். மேளமும் தகரமும் "பரவாயில்லை, நட, நட" என்று தள்ளிக்கொண்டே இருக்கும். அழுகிறவனை உட்கார விடாத சங்கீதம் அது. அழுதபடியே ஆட வைத்துவிடும். இப்படி ஒன்றை யோசித்துக் கண்டுபிடித்தவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தவர்கள் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

திபூர்சியோ பாடிய பாட்டு அது. எங்கள் பேட்டைக்காரன்தான், கசில்தாவோடு குடும்பம் நடத்தியவன். குரல் நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மூக்கால் பாடுவான், மேலே போனால் உடையும். பதிவும் அப்படித்தான். நாற்காலி கிறீச்சிடுவது கேட்கும், ஒருவன் தொண்டையைச் செருமுவது கேட்கும். அதையெல்லாம் துடைத்து எடுத்திருந்தால் பாட்டு செத்திருக்கும்.

முதல் அடி:

*சிவப்பு லாரி ஏறிப் போனாயே,*
*புகையிலே உன் முகம் மறைஞ்சு போனதே…*

இரண்டாம் அடியில் கதவைத் தட்டுகிறான், யாரும் திறக்கவில்லை. மூன்றாவது அடியில் வீட்டுக்குள் வந்து கட்டிலைப் பார்க்கிறான். அங்கேதான் அது வரும்.

'ஐயோ' என்று எழுதலாமா என்று பார்த்தேன். சரியாக வரவில்லை. ஐயோவின் முதல் பாதி அது, வெறும் 'ஐ'. பின்பாதி வெளியே வராமல் தொண்டையிலேயே நின்றுவிடும். கிட்டார்கூட அந்த இடத்தில் கையை எடுத்துவிடும். பிறகு தகரம் மறுபடி சுரண்ட ஆரம்பிக்கும், ஏதோ ஒன்றுமே நடக்காததுபோல.

அந்த 'ஐ' வரும்போது நான் கத்தியை எடுத்துவிடுவேன்.* வாடிக்கையாளர்களுக்கும் தெரியும். கழுத்தை அசைக்காமல் அவர்களும் காத்திருப்பார்கள். தாவாங்கட்டையில் நுரையோடு கண்ணீர் விட்ட ஆண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். என் கண்ணாடியில் பார்த்ததை வெளியே சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

* தொழில் பாதுகாப்புக்காக. வேறு காரணம் இல்லை என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். காரணம் இருந்தது.

3

எங்கள் ஊரில் நேராகத் திட்டுவது அநாகரிகம். பாட்டுப்பெட்டி எதற்கு இருக்கிறது? எதிர்வீட்டுக்காரன் கடன் வாங்கிவிட்டு ஒளிந்தால் அதற்கு ஒரு பாட்டு. கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி ஏமாற்றினவளுக்கு ஒரு பாட்டு. காசைப் போட்டு, பொத்தானை அமுக்கி, சத்தத்தை ஏற்றிவிட்டு, தொப்பியைச் சாய்த்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். சேர வேண்டியவருக்குச் சேர்ந்துவிடும்.

திபூர்சியோ பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிபோன பிறகு அந்த இசைத்தட்டு எங்கள் பெட்டிக்கு வந்தது. அன்றிலிருந்து ஊர் முழுவதும் அதைக் கசில்தாவை நோக்கி அமுக்கியது. அவள் சட்டியைப் பற்றவைக்கிற நேரம் பார்த்து எவனாவது காசோடு எழுந்திருப்பான்.

இதில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். லாரி ஏறிப் போனவள் எப்படி எதிரிலேயே உட்கார்ந்து பலகாரம் பொரிக்கிறாள்? எங்களுக்கு அந்தச் சந்தேகம் வரவேயில்லை. போய்விட்டுத் திரும்பி வந்திருப்பாள் என்றார்கள். நாங்கள் தூங்கும்போது போயிருப்பாள் என்றார்கள். அவளை ஒருநாள்கூட அந்த இடத்தில் பார்க்காமல் இருந்தவர்கள் இல்லை, ஆனாலும் பாட்டைத்தான் நம்பினார்கள். அவ்வளவு நல்ல பாட்டு அது.

"லாரி எத்தனை மணிக்கும்மா கிளம்புது?" என்று கேட்டான் ஒரு வெளியூர்க்காரன்.

கசில்தா சட்டகப்பையை எண்ணெயிலிருந்து எடுத்தாள். "ஏறிக்கோ, இப்பவே கிளம்பறேன்" என்றாள். அவன் பலகாரத்தைக்கூட வாங்காமல் போய்விட்டான். ஆனால் சட்டியில் கிடந்ததை அவள் கருக விட்டதை நான் சலூன் வாசலிலிருந்து பார்த்தேன்.

அன்றைக்கே கீக்கோவிடம் போய் நின்றாள்.

"அண்ணே, அந்தத் தட்டைக் கழட்டிக் குப்பையில போடுங்க."

"பெட்டி என்னுதா? சாவி பெட்டிக்காரர்கிட்ட. நான் இடமும் கரண்டும் குடுக்கறவன், அவ்வளவுதான்."

"அப்ப ஒயரைப் பிடுங்குங்க."

"பிடுங்கினா ஃபிரிட்ஜும் நிக்கும். சூடான பீரை நீ குடிப்பியா?"

பெட்டிக்காரர் என்பவர் பேட்டை பேட்டையாகப் போய்ப் பெட்டிகளைத் திறந்து தட்டுகளை மாற்றுகிறவர். பெட்டிக்குள் ஒரு சின்ன மானி இருக்கிறது. எந்தப் பாட்டை மக்கள் அமுக்கினார்கள், எதைத் தொடவில்லை என்று அது காட்டிக்கொடுத்துவிடும். யாரும் தொடாத பாட்டைக் கழற்றிக்கொண்டு போவார், புதியது போடுவார். அவர் வந்த அன்று கசில்தா அவரை மறித்துக்கொண்டாள். அவர் நல்ல மனுஷர், சண்டை பிடிக்காது.

"எனக்குப் பகை ஒண்ணும் இல்லம்மா. மானியை இப்ப சுத்தமாத் துடைச்சு வச்சிட்டுப் போறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வரும்போது இந்தப் பாட்டை ஒருத்தரும் அமுக்காம இருந்தா கழட்டிடறேன். ஒரே ஒருத்தர் அமுக்கியிருந்தாலும் இருக்கும். இதான் எனக்குத் தெரிஞ்ச நியாயம்."

அவர் போனதும் கசில்தா டொமினோ ஆடுகிறவர்களின் மேசைக்கு வந்தாள். கையில் சட்டகப்பை, அதிலிருந்து எண்ணெய் சொட்டியது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாராவது அந்தப் பொத்தானைத் தொட்டீங்க, சட்டியோட தூக்கிட்டு வருவேன். சார்ஜென்ட்டு, உங்களுக்கும்தான்."

"நான் என்னம்மா பண்ணேன்" என்றார் சார்ஜென்ட் மொதேஸ்தோ.

"அதிகமா அமுக்கறது நீங்கதான்."

சார்ஜென்ட் எழுந்து நின்று, அல்தாகிரேசியா மாதாவின்மேல் சத்தியம் செய்தார். மற்றவர்களும் செய்தார்கள். நானும் செய்தேன். கையில் கொதிக்கும் எண்ணெய் வைத்திருக்கும் பெண்ணிடம் வேறென்ன சொல்ல முடியும்?

4

[சார்ஜென்ட் மொதேஸ்தோவை இந்தக் கதையில் வைத்துக்கொள்ளலாமா என்று எனக்குச் சந்தேகம். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், பெரிய மீசை, உள்ளே மெழுகு மாதிரி மனசு. கதைகளில் நிறையப் பார்த்த ஆள். ஆனால் என்ன செய்வது, அவர் நிஜமாகவே அப்படித்தான் இருந்தார். மீசையை வேண்டுமானால் எடுத்துவிடலாம். நான்தானே சிரைக்கிறேன்.]

சார்ஜென்ட்டின் மனைவியும் போனவள்தான். லாரியில் இல்லை, விமானத்தில், நியூயார்க்குக்கு. முதலில் கடிதம் வந்தது, பிறகு டாலர் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. அவளைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசினதில்லை. மத்தியானம் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார், ஒரு காசு போடுவார், லாரிப் பாட்டு முடியும்வரை நிற்பார், போய்விடுவார். அவருக்கு அது பூசை.

சத்தியம் செய்த மறுநாள் அவர் பெட்டி முன்னால் வந்து நின்றார். விரல் அந்தப் பொத்தான்மேல் போய் நின்றது. தாழ்வாரத்திலிருந்து கசில்தா பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் பக்கத்துப் பொத்தானுக்கு நகர்ந்தது. யாரோ ஒருவன் காதலியின் கண்ணைப் புகழ்ந்து பாடினான். சார்ஜென்ட் முழுவதும் கேட்டார்.

"என்ன சார்ஜென்ட்டு, நல்லாத்தானே இருக்கு?" என்றான் கீக்கோ.

"சர்க்கரைத் தண்ணி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வாரம் நகர்ந்தது. ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை. இதை எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. எங்கள் பேட்டையில் தேர்தலில்கூட இந்த ஒற்றுமை கிடையாது. ஆனால் கடை களையிழந்துவிட்டது. டொமினோ ஆடுகிறவர்கள் காய்களை மேசையில் அறையாமல் மெதுவாக வைத்தார்கள். ஒருவன் பீர் பாட்டிலைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான், அதைக் கீக்கோ இன்றைக்கும் சொல்லுவான். புனித வெள்ளிக்கு மட்டும் வருகிற அமைதி சாதாரண நாளில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஓர் இடத்தில் கழுத்தை அசைக்காமல் காத்திருந்தார்கள். நானும் கத்தியை எடுத்துவிட்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை, மறுபடி சிரைத்தேன்.

கூட்டம் இல்லாததால் கசில்தாவின் பலகாரமும் மீந்தது. "ஜெயிச்சுட்டியே" என்றேன்.

"ஆமா" என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

5

இந்தப் பகுதியை எழுதவேண்டாம் என்று நினைத்தேன். "எழுதுங்க" என்று சொன்னது கசில்தா.

சனிக்கிழமை மத்தியானம் அவள் சலூனுக்குள் வந்தாள். பெண்கள் வருகிற இடமில்லை அது. வந்து என் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"முடி வெட்டணுமா?"

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்க மாஸ்டர்."

நின்றேன்.

"பாட்டு நின்னதுலேருந்து காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

"நீதானேம்மா நிறுத்தினே."

"அதான் உங்ககிட்ட சொல்றேன். வேற யாருகிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க." கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "மூணாவது அடியில அவன் என்ன பாடறான்?"

"கட்டிலின் நடுவே காலியாக் கிடக்குது."

"பொண்டாட்டி ஓடிப்போனா கட்டில்ல எது காலியாகும்?"

"பாதி."

"அவன் ஏன் நடுவேன்னு பாடறான்?"

அந்தப் பாட்டை எத்தனையோ முறை கேட்டவன் நான். கத்தியை எடுத்துவிட்டு நின்று கேட்டவன். எனக்கு இது தோன்றவேயில்லை.

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் அது படுத்திருக்கும்" என்றாள்.

அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, காய்ச்சலில் போய்விட்டது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பச்சைக் குழந்தை போனால் எங்கள் ஊரில் அழமாட்டோம். அது நேராகத் தேவதையாகிறது, பெற்றவள் அழுதால் கண்ணீர் பட்டு இறக்கை நனைந்து பறக்க முடியாமல் போகும் என்பார்கள். அதனால் பாடுவார்கள், விளையாட்டு ஆடுவார்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவார்கள். கசில்தா அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே பொரித்துக் கொடுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊரே மெச்சியது. நான் முற்றத்தில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தேன்.

"அவன் வெளியூர்த் திருவிழாவுல பாடப் போயிருந்தான். சேதி போய்ச் சேரும்போது பஸ் இல்ல. வாழைக்காய் ஏத்தின லாரியில தொத்திக்கிட்டு வந்தான். வழியில டயர் வெடிச்சு நின்னுபோச்சு."

"லாரி" என்றேன்.

"லாரிதான். சிவப்பு."

[ஆகவே இந்தக் கதையின் முதல் பத்தி தப்பு. லாரிக்காரன் ஒருவன் இருந்தான். யார் பெண்டாட்டியையும் அவன் ஏற்றிக்கொண்டு போகவில்லை, நேரத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். முதல் பத்தியைத் திருத்தப்போவதில்லை. நானும் அந்தப் பாட்டை நம்பினவன்தான் என்பதற்கு அது அப்படியே இருக்கட்டும்.]

"பிள்ளையோட சவப்பெட்டியை மூடற நேரத்துல உள்ள வந்தான். பார்த்தான். ஒரு சத்தம் போட்டான் மாஸ்டர். பாட்டுல வருதே, அதேதான். பொம்பளைங்க எல்லாம் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாங்க. அதுக்குள்ள கண்ணீர் பிள்ளை மேலயே விழுந்திருச்சு. நான் அவ்வளவு நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காப்பாத்தினது. எனக்கு வெறி வந்திருச்சு. புதைச்சுட்டு வந்ததும் அவன் கிட்டாரைத் தூக்கி வாசல்ல வச்சேன், கதவைத் தாப்பாள் போட்டேன். தட்டினான். திறக்கல."

வெளியே யாரோ ஒருவன் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டு போனான். அவள் மடியிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"அது பறந்திருக்குமா மாஸ்டர்?"

நான் சொன்ன பதில்: "பறந்திருக்கும்மா, நிச்சயமா…"

[இல்லை. இப்படிச் சொல்லவில்லை.]

நான் சொன்ன பதில்: "இதெல்லாம் பெரியவங்க சொல்ற…"

[இதுவும் இல்லை. சீப்பை எடுத்துத் துடைத்தேன்.]

"லாரியோட போனேன்னு அவன் பாடினது பொய்" என்றாள். "என்னைக் கேவலப்படுத்தினான், அதை மன்னிக்க மாட்டேன். ஆனா அந்த 'ஐ' பொய் இல்ல. முதல் நாள் கேட்டப்பவே எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் கழட்டணும்னு நின்னேன். தினம் தினம் பிள்ளைமேல தண்ணி ஊத்தற மாதிரி இருந்துச்சு."

"இப்ப?"

"இந்த வாரம் பூரா அது இல்ல. அப்பத்தான் தெரிஞ்சுது. அந்தப் பிள்ளைக்காக இந்த உலகத்துல அழுதது அவன் ஒருத்தன்தான். அவன் அழுகை, சார்ஜென்ட்டு அழுகை, இங்க நுரையோட உக்காந்து அழுதவனுங்க எல்லாரோடதும். அவனவன் யாருக்கோ அழுதான். ஆனா அந்தச் சத்தம் என் பிள்ளைக்காகப் போட்டது. அதை நிறுத்தினது நான்."

எழுந்து போய்விட்டாள். நாற்காலியில் மாவு ஒட்டியிருந்தது. அடுத்து வந்தவர் உட்காரும்வரை நான் அதைத் துடைக்கவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்காரர் வந்தார். மத்தியானம், நல்ல வெயில். விஷயம் தெரிந்து கடை நிறைந்திருந்தது. திபூர்சியோவும் வந்திருந்தான். தன் பாட்டைக் கழற்றப் போகிறார்கள் என்று யாரோ பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்குள் வரவில்லை. எதிர்ச்சாரியில், கிட்டாரைக் காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். மெலிந்துபோயிருந்தான். கசில்தா அவனைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி மாவு பிசைந்தாள்.

பெட்டிக்காரர் சாவியைப் போட்டுத் திறந்தார். மானியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அதிசயமா இருக்கே. ஒருத்தர்கூட இல்ல." தட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டார்.

"மூடுங்க" என்றாள் கசில்தா.

மாவுக் கையோடு வந்து நின்றாள். இடுப்புத் துணியிலிருந்து ஒரு காசை எடுத்தாள்.

"ஏம்மா, நீதானே…"

"ஒருத்தர் அமுக்கினா இருக்கும்னு சொன்னீங்கல்ல. மூடுங்க."

அவர் மூடினார். அவள் காசைப் போட்டாள், பொத்தானை அமுக்கினாள். இன்றைக்கும் அந்தப் பொத்தானில் வெள்ளையாக ஒரு விரல் தடம் இருப்பதாகக் கீக்கோ சொல்கிறான். [இல்லை. துடைத்துவிட்டான். எழுதும்போது ஆசையாக இருந்தது.]

ஊசி இறங்கியது. நாற்காலி கிறீச்சிட்டது. கிட்டார் ஆரம்பித்தது. ஒரு வாரம் மூச்சைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் விட்டார்கள். சார்ஜென்ட் சுவரில் சாய்ந்துகொண்டார். லாரி போனது, புகை போனது. கதவைத் தட்டினான். இந்த முறை எனக்குத் தெரிந்தது, அது எந்தக் கதவு என்று. கசில்தா பெட்டியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள், எதிர்ச்சாரியைப் பார்க்கவில்லை. மூன்றாம் அடி வந்தது.

*கட்டிலின் நடுவே காலியாக் கிடக்குது,*

கரண்ட் போய்விட்டது.

எழுதுகிறவனுக்கு வசதியாக மின்சாரம் போனது என்று நினைப்பீர்கள். எங்கள் பேட்டையில் அது எழுதாதவர்களுக்கும் போகும். பெட்டியின் விளக்குகள் அணைந்தன, தட்டு இழுத்துக்கொண்டு நின்றது, ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. வழக்கமாக இப்படிப் போனால் நிற்கிற இடத்திலிருந்து நாங்களே வாயால் பாடி முடிப்போம். வார்த்தைகள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடுத்து வரவேண்டியது வார்த்தை இல்லை. அதைப் போட யாராலும் முடியவில்லை. எல்லாரும் காத்திருந்தோம். வெளியே கசில்தாவின் எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் அது வந்தது. யாரோ போட்டார்கள்.

7

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அதைப் போட்டவர் சார்ஜென்ட். மீசைக்குப் பின்னாலிருந்து, நியூயார்க் வரை கேட்கிற மாதிரி. நன்றாகத்தான் இருந்தது. படித்துக் காட்டியபோது சார்ஜென்ட் தனக்கு அன்றைக்குச் சளி என்றார்.

இன்னொன்றில் எதிர்ச்சாரியிலிருந்து திபூர்சியோ. கிட்டாரோடு தெருவைக் கடந்து வருகிறான், அவள் கதவைத் திறக்கிறாள் என்று ஏதோ… [கிழித்துவிட்டேன். கடையில் கதவே கிடையாது.]

மூன்றாவதில் கசில்தா. கை பெட்டியின்மேல், வாய் திறக்கிறது, இத்தனை நாள் பல்லுக்குப் பின்னால் இருந்தது வெளியே வருகிறது. இதை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. நல்ல அடையாளம் என்று நினைத்தேன்.

யார் என்று எனக்குத் தெரியும். பாதி சிரைத்த ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு நானும் அங்கேதான் நின்றிருந்தேன். மூன்று முடிவுகளையும் கசில்தாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவள் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். தட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது, உள்ளே அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தபோது அவளும் நானும் பேச்சை நிறுத்தினோம். பிறகு மறுபடி தொடங்கினோம்.

"எது சரிம்மா?" என்றேன்.

"ஒண்ணும் எழுதாதீங்க."

"முடிவு இல்லாம எப்படி? படிக்கிறவங்க கோவிச்சுக்குவாங்க."

"அந்த இடத்தைக் காலியா விடுங்க மாஸ்டர். படிக்கிறவங்களுக்கு மட்டும் யாரும் போகாமலா இருப்பாங்க?" பலகாரத்தைத் திருப்பிப் போட்டாள். "அவங்களே போட்டுக்கட்டும். சத்தமாப் போடச் சொல்லுங்க. இறக்கை நனைஞ்சா நனையட்டும், காயும்."

*கட்டிலின் நடுவே காலியாக் கிடக்குது,*

[                              ]